தெரியாத நிரலை ஓட விடும் முன் எதையெல்லாம் எடுத்து வைக்கிறேன்

அடுத்தவர் எழுதிய நிரல்களை ஓட்டிப் பார்ப்பது என் அன்றாட வேலையில் பாதி. வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் எழுதி அனுப்பும் மாதிரித் திட்டங்கள், வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பழைய கருவிகள், கோடு பகிரும் தளமான கிட்ஹப்பில் யாரோ போட்டு வைத்த சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள். இது போக, நண்பர்களும் உறவினர்களும் "இதை இன்ஸ்டால் பண்ணலாமா, கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்று அனுப்பும் ஃபைல்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: இது சேஃபா?

இந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்வதை நிறுத்தி நெடுநாள் ஆகிறது. ஒரு நிரல் நல்லதா கெட்டதா என்று வெளியிலிருந்து பார்த்து உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. என்னைவிடக் கைதேர்ந்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். ஆனால் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்: இது கெட்டதாகவே இருந்துவிட்டால், ஓடும்போது இதன் கைக்கு எதெல்லாம் எட்டும்? நான் செய்கிற ஏற்பாடுகள் எல்லாமே இந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றித்தான்.

எட்டுவது எவ்வளவு என்பதில் நிறையப் பேரிடம் தப்புக் கணக்கு இருக்கிறது. "அட்மின் பாஸ்வேர்ட் எதுவும் கேக்கலையே, அப்போ ஒண்ணும் ஆகாது" என்பார்கள். அட்மின் பாஸ்வேர்ட் காப்பாற்றுவது இயங்குதளத்தை. உங்கள் புகைப்படங்கள், ஆவணங்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், எந்தெந்தத் தளங்களில் லாகின் செய்திருக்கிறீர்கள் என்று பிரவுசர் வைத்திருக்கும் குக்கீகள், சர்வருக்குள் போகிற எஸ்எஸ்ஹெச் சாவிகள் எல்லாம் உங்கள் கணக்கின் கீழ்தான் இருக்கின்றன. நீங்கள் இரட்டைச் சொடுக்கு செய்த நிரலும் உங்கள் பெயரிலேயே ஓடுகிறது. நீங்கள் திறக்கக்கூடியதை எல்லாம் அதுவும் திறக்கும், யாரிடமும் அனுமதி கேட்காது. இயங்குதளம் போனால் ஒரு மாலைப்பொழுதில் திரும்பப் போட்டுவிடலாம். மேலே சொன்னவை போனால் அப்படித் திரும்ப வராது.

நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் இளைஞர் ஒருவர் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் சாயங்காலம் அழைத்தார்.

"அண்ணா, இன்டர்வியூக்கு ஒரு டெஸ்ட் குடுத்திருக்காங்க. புராஜெக்டை ஓட்டி, ஒரு பக் இருக்காம், அதைச் சரிபண்ணி அரை மணி நேரத்துல அனுப்பணுமாம். ஒரு வாட்டி பாக்கறீங்களா?"

"உன் லேப்டாப்ல ஓட்டிட்டியா?"

"இல்லண்ணா. ஸ்கிரீன் ஷேர் பண்ணிக்கிட்டே ஓட்டச் சொன்னாங்க. அது கொஞ்சம் ஒரு மாதிரி இருந்துச்சு, அதான் உங்ககிட்ட கேட்டேன்."

அந்த 'ஒரு மாதிரி'யை அவர் மதித்தது பெரிய விஷயம். அவசரப்படுத்துவதும், கண்ணெதிரே ஓட்டச் சொல்வதும் யோசிக்க விடாமல் செய்கிற வழிகள். வேலை தேடுபவர்களைக் குறிவைக்கும் இந்தப் போலி நேர்காணல் உத்தியைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2023-லிருந்து திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதற்கென்றே வைத்திருக்கும் விர்ச்சுவல் மெஷினில், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே தனியாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டரில், அந்தத் திட்டத்தை இறக்கினேன். கோடு எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் திறந்ததும், இந்த ஃபோல்டரை எழுதியவர்களை நம்புகிறீர்களா என்று அது கேட்டது. 2021-இல் வந்த வசதி இது. நிறையப் பேர் படிக்காமலேயே 'ஆம்' சொல்லிவிடுகிறார்கள். ஒரு ஃபோல்டரைத் திறந்த மாத்திரத்திலேயே அதற்குள் எழுதி வைத்த கட்டளைகளை ஓட வைக்க முடியும் என்பதால்தான் அந்தக் கேள்வியே கேட்கப்படுகிறது. 'இல்லை' என்று சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தேன்.

திட்டத்தின் விவரங்களை வைத்திருக்கும் பேக்கேஜ்.ஜேசன் ஃபைல் சுத்தமாக இருந்தது. ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளை இறக்கித் தரும் என்பிஎம் இன்ஸ்டால் செய்யும்போது தானாக ஓடும் போஸ்ட்இன்ஸ்டால் வரிதான் நான் முதலில் தேடுவது. அது இல்லை. சார்ந்திருந்த நூலகங்கள் (மற்றவர்கள் எழுதி, இந்தத் திட்டம் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகள்) எல்லாம் தெரிந்த பெயர்கள். பிறகு ஒரு கான்ஃபிக் ஃபைலைத் திறந்தேன். சின்ன ஃபைல், திரையில் முழுதும் அடங்கிவிட்டது. ஆனால் அடியில் இருந்த கிடைமட்ட ஸ்க்ரோல் பட்டை மட்டும் மிகக் குட்டியாக இருந்தது. அப்படியென்றால் எங்கோ ஒரு வரி வலது பக்கம் வெகுதூரம் போகிறது என்று அர்த்தம். நீண்ட வரிகளை மடித்துக் காட்டும் வேர்ட் ராப்பைப் போட்டேன். கடைசி அரைப்புள்ளிக்குப் பின் வெறும் இடைவெளிகளாகவே நீண்டு, அதன் கோடியில் எண்களும் எழுத்துகளும் குழம்பிய ஒரு பெரிய வரி ஒட்டிக்கொண்டிருந்தது. சாதாரணமாகப் பார்ப்பவர் கண்ணில் அது படவே படாது.

ஓட்டிப் பார்த்தோம். அந்த மெஷினின் ஹோம் ஃபோல்டரில் எப்போதும் சில பொய்ச் சரக்குகளை வைத்திருப்பேன்: எங்கும் செல்லாத ஒரு எஸ்எஸ்ஹெச் சாவி, இல்லாத கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டைச் சேமித்து வைத்த குரோம் புரொஃபைல். நூலகங்களை இறக்கும் வரை இணையத்தை விட்டுவைத்து, பிறகு அந்த மெஷினை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளின் அமைப்பில் 'கேபிள் இணைக்கப்பட்டது' என்ற டிக்கை எடுத்துவிட்டு, எஸ்ட்ரேஸ் வழியாகத் திட்டத்தைத் துவக்கினேன். ஒரு நிரல் இயங்குதளத்திடம் என்னென்ன கேட்கிறது என்பதை வரிக்கு வரி காட்டும் லினக்ஸ் கருவி அது. முதலில் நூலகங்கள் திறக்கும் வழக்கமான வரிகள் ஓடின. நடுவில் குரோமின் 'லாகின் டேட்டா' ஃபைல், அடுத்து 'குக்கீஸ்', அடுத்து எக்ஸ்டென்ஷன்கள் தகவல் வைக்கும் ஃபோல்டர், கிரிப்டோ வாலட்டுகளைத் தேடித்தான். அப்புறம் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டர். எல்லாவற்றையும் தற்காலிக ஃபோல்டரில் ஒரே மூட்டையாகக் கட்டியது. கடைசியாகப் பெயரில்லாத ஒரு வெறும் ஐபி முகவரிக்குத் தொடர்பு கொள்ள முயன்றது. நெட்வொர்க் கிடைக்கவில்லை என்று பதில் வந்ததும் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருந்தது. இத்தனைக்கும் பிரவுசரில் டெஸ்ட் பக்கம் அழகாகத் திறந்து, சரிசெய்ய வேண்டிய பக்கும் அங்கேயே இருந்தது.

அந்த இளைஞரின் லேப்டாப்பில் அலுவலக சர்வர்களின் சாவிகளும் இருந்தன. அவர் சொந்தக் கணக்குகளோடு போயிருக்காது. இப்படிப்பட்ட வலைகளை நிரலாளர்களுக்கு விரிப்பதற்குக் காரணமே இதுதான்.

போஸ்ட்இன்ஸ்டால் இல்லை என்பதோடு நான் திருப்தியாகியிருந்தால் விஷயம் வெளியே வந்திருக்காது என்பதையும் கவனியுங்கள். என்பிஎம்மில் இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ் என்ற தெரிவைக் கொடுத்து இன்ஸ்டால் செய்வது நல்ல பழக்கம். ஆனால் அது இன்ஸ்டால் நேரத்துக்கு மட்டுமே. பைத்தானிலும் இதே கதைதான். மூலக்கோடாக வரும் பொதியை, பைத்தானின் இன்ஸ்டால் கருவியான பிப் இறக்கும்போதே அதன் செட்அப் ஃபைல் ஓடிவிடும், வெறும் 'டவுன்லோட்' கட்டளை கொடுத்தாலும் ஓடக்கூடும். முன்கூட்டியே கட்டிய வீல் பொதிகளை மட்டும் ஏற்கும் ஒன்லி-பைனரி தெரிவு அதைத் தடுக்கும். பொதியை நம் நிரலுக்குள் இம்போர்ட் செய்த பிறகு என்ன நடக்கும் என்பதை அதனாலும் தடுக்க முடியாது.

"அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்துதானே இறக்கினேன்" என்பது அடுத்த ஆறுதல். நானும் அங்கிருந்துதான் இறக்குவேன், மற்றவர்களுக்கும் அதையே சொல்வேன். ஆனால் அதோடு நின்றுவிடுவதில்லை. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் இறக்க இணைப்பைப் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்த நகலுக்கு மாற்றிவிட்டார்கள். அன்று அதிகாரப்பூர்வத் தளத்துக்கே போய் இறக்கியவர்கள் மாட்டினார்கள். 2017-இல் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் கருவியான சிகிளீனரின் 5.33 பதிப்பில், அதைத் தயாரிக்கும் இடத்திலேயே தீநிரல் கலந்தது. நிறுவனத்தின் செல்லுபடியாகும் டிஜிட்டல் கையெழுத்தோடு அது சுமார் 22.7 லட்சம் கம்ப்யூட்டர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஹேஷ் (ஃபைலிலிருந்து கணக்கிடும், அதன் கைரேகை போன்ற எண்) பார்த்தாலும் பொருந்தியிருக்கும், கையெழுத்தைப் பார்த்தாலும் பொருந்தியிருக்கும்.

2024 மார்ச் மாதம் வெளிவந்த, லினக்ஸில் பரவலாகப் பயன்படும் ஃபைல் சுருக்கும் மென்பொருளான எக்ஸ்இஸட் பற்றிய விவகாரம் இன்னும் நுணுக்கமானது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடங்களுக்கு மேல் பொறுமையாகப் பங்களித்து, பராமரிப்பாளர் பொறுப்பு வரை வந்து, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்தார். அதை இயக்கிவிடும் துண்டு, மூலக்கோடை வைத்திருக்கும், எல்லோரும் வாசிக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது. மூலக்கோடைக் களஞ்சியத்தில் முழுதாகப் படித்தவருக்கும் அது தெரிந்திருக்காது. ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி கூடுதலாக எடுக்கிறதே என்று விடாமல் துருவியதால்தான் அது பிடிபட்டது. அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு நன்றியுணர்வு வரும்.

ஹேஷ் பார்ப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. இறக்கும் வழியில் ஃபைல் மாறவில்லை, கெடவில்லை என்று அது காட்டும். ஃபைலும் ஹேஷும் ஒரே தளத்தில் இருந்தால் ஃபைலை மாற்றியவர் ஹேஷையும் மாற்றியிருப்பார் என்பதை மட்டும் மனதில் வைக்க வேண்டும். முடிந்தால் ஹேஷை வேறு இடத்திலிருந்து எடுங்கள், அல்லது வெளியிட்டவரிடமிருந்து முன்பே வாங்கி வைத்த பொதுச்சாவியால் கையெழுத்தைச் சரிபாருங்கள். வைரஸ்டோட்டலும் அப்படித்தான். பல நிறுவனங்களின் ஸ்கேனர்கள் ஒரே நேரத்தில் பார்ப்பது பெரிய உதவி. ஆனால் நேற்று எழுதிய தீநிரலை யாருமே இன்னும் அறிந்திருக்க மாட்டார்கள், எல்லாக் கட்டமும் பச்சையாகவே வரலாம். தவிர, அங்கே ஏற்றும் ஃபைலைப் பாதுகாப்பு நிறுவனங்களும் சந்தாதாரர்களும் இறக்கிப் பார்க்க முடியும். அலுவலக ஆவணத்தையோ சொந்தக் காகிதத்தையோ அங்கே ஏற்றாதீர்கள். ஃபைலின் ஹேஷைக் கணக்கிட்டு அதை மட்டும் தேடினால் போதும். ஏற்கெனவே யாராவது ஏற்றியிருந்தால் முடிவு வந்துவிடும்.

ஆக, எங்கிருந்து வந்தாலும் அடைத்து வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

விர்ச்சுவல் மெஷின் என்றதும் அது ஏதோ தானாகக் காவல் காக்கும் என்று நினைக்கிறார்கள். அதன் சுவர் நல்ல சுவர்தான். ஆனால் 2015-இல் விர்ச்சுவல் மெஷின் மென்பொருளான க்யூஈஎம்யூவின் ஃபிளாப்பி டிரைவ் பகுதியில் கண்டுபிடித்த வெனம் என்ற ஓட்டை போல, உள்ளிருந்து வெளியே வரும் வழிகள் அவ்வப்போது வெளிப்படுகின்றன. மென்பொருளை அப்டேட் செய்து வைத்தால் சாதாரணத் தாக்குதல்காரரிடமிருந்து தப்பலாம். நான் பார்த்த வரையில் கசிவு பெரும்பாலும் நாமே வசதிக்காகத் திறந்துவிட்ட கதவுகளில்தான். ஷேர்டு ஃபோல்டர் என்று ஹோம் ஃபோல்டர் முழுவதையும் எழுதும் உரிமையோடு உள்ளே கொடுத்துவிடுகிறார்கள். கிளிப்போர்டை இருபக்கமும் திறந்து வைத்துவிட்டு, வெளியே பாஸ்வேர்ட் மேனேஜரிலிருந்து பாஸ்வேர்டைக் காப்பி செய்கிறார்கள், உள்ளே இருக்கும் நிரலுக்கும் அது கிடைக்கிறது. ஒரு ஃபைலை இறக்கவேண்டி உள்ளிருக்கும் பிரவுசரில் தங்கள் நிஜ மெயில் கணக்கில் லாகின் செய்கிறார்கள். அந்த லாகினுக்குப் பிறகு அந்த மெஷின் சோதனை மெஷினாக இருப்பதில்லை.

என் ஏற்பாடு இப்படி: ஷேர்டு ஃபோல்டர் ஒன்றே ஒன்று, அதுவும் வாசிக்க மட்டும், ஓட்டப்போகும் ஃபைல் மட்டும் அதில். கிளிப்போர்டும் இழுத்துப்போடுவதும் மூடியிருக்கும். உள்ளே எந்தக் கணக்கிலும் லாகின் கிடையாது. சுத்தமான நிலையில் மெஷினைப் பதிந்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட், வேலை முடிந்ததும் அதற்கே திரும்பிவிடுவேன். ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றினாலும் திரும்புவேன். இணையம் தேவைப்படாத நிரலுக்கு இணையம் கொடுப்பதில்லை. தேவைப்பட்டால், நம் கம்ப்யூட்டரின் இணைப்பு வழியாகவே வெளியே போகும் நாட் (NAT) அமைப்பில் கொடுத்தாலும் உள்ளிருக்கும் நிரல் வீட்டு ரூட்டரையும், அதே நெட்வொர்க்கில் இருக்கும் பிரிண்டரையும், பேக்கப் டிரைவையும் எட்டித் தொடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் இருந்தால் சோதனைக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

விண்டோஸ் புரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகள் வைத்திருப்பவர்களுக்கு தற்காலிகமான தனி விண்டோஸைத் திறக்கும் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் 2019-லிருந்து கூடவே வருகிறது. ஹோம் பதிப்பில் கிடையாது. மூடினால் உள்ளே நடந்தது எல்லாம் அழிந்துவிடும். அவசரமாக ஒரு ஃபைலைப் பார்க்க அதைவிட எளிய வழி இல்லை. ஆனால் இயல்பாக அதில் இணையமும் கிளிப்போர்டும் திறந்தே இருக்கும். சின்ன அமைப்பு ஃபைல் ஒன்றை எழுதி இரண்டையும் மூடிவிட்டு, அந்த ஃபைலைச் சொடுக்கியே சாண்ட்பாக்ஸைத் திறப்பது என் பழக்கம்.

லினக்ஸில் கட்டளை வரி நிரல்களுக்கு, நிரலை அடைத்து ஓட்டும் கருவியான பபுள்ராப் போதும். எந்தெந்த ஃபோல்டர் தெரிய வேண்டும், நெட்வொர்க் வேண்டுமா என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் திறந்துவிடலாம். லினக்ஸ் செயலிகளை இன்ஸ்டால் செய்யும் ஃபிளாட்பேக் உள்ளுக்குள் நம்புவதும் இதைத்தான். ஆனால் நிறைய ஃபிளாட்பேக் செயலிகள் ஹோம் ஃபோல்டர் முழுவதையும் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. அதற்கான ஃபிளாட்சீல் என்ற செயலியில் அனுமதிகளைப் பார்த்து வெட்டிவிடுங்கள். சோதனைக்கென்று தனிப் பயனர் கணக்கு வைப்பதும் நல்லது. ஒன்று மட்டும்: லினக்ஸின் பழைய திரை அமைப்பான எக்ஸ்11-இல் ஓடும் எந்த நிரலும் மற்ற ஜன்னல்களில் நீங்கள் தட்டும் எழுத்துகளைக் கேட்க முடியும். அதற்கு மாற்றாக வந்த வேலண்டில் அந்த வழி இல்லை.

நிரல்களைத் தனித்தனிப் பொட்டலமாக ஓட்டும் டாக்கரைச் சிலர் பாதுகாப்புப் பெட்டியாக நினைக்கிறார்கள். அது உங்கள் இயங்குதளத்தின் மையமான கெர்னலையே பகிர்ந்துகொள்கிறது. டாக்கரைக் கட்டுப்படுத்தும் சாக்கெட்டை உள்ளே கொடுத்துவிட்டால் கம்ப்யூட்டரின் ரூட் அதிகாரத்தையே, அதாவது முழு அதிகாரத்தையே கொடுத்ததற்குச் சமம், இணையத்தில் கிடைக்கும் டாக்கருக்கான பல அமைப்பு ஃபைல்கள் அதைத்தான் செய்கின்றன. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைனும் பெட்டி இல்லை. விண்டோஸ் தீநிரல் லினக்ஸில் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள், வைன் இயல்பாக உங்கள் முழு ஃபைல் அமைப்பையும் இஸட் டிரைவாகக் காட்டுவதைப் பார்க்க வேண்டும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல் அங்கிருந்து உங்கள் ஹோம் ஃபோல்டரைத் தாராளமாகப் பூட்டும்.

இவ்வளவு ஏற்பாடும் செய்ய வழியில்லாதவர்களுக்கு, குறிப்பாக என் வீட்டுப் பெரியவர்களுக்கு, நான் சொல்வது கொஞ்சம்தான். ஆண்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யச் சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள். ஜிப் ஃபைலும் அதன் பாஸ்வேர்டும் ஒரே செய்தியில் வந்தால், ஸ்கேனர் உள்ளே பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான் பூட்டியிருக்கிறார்கள். 'நான் ரோபோ இல்லை' என்று நிரூபிக்க விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி எதையாவது ஒட்டச் சொன்னால், ஒட்டப்படுவது ஒரு கட்டளை, அதை ஓட்டுவது நீங்கள். போனில், ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வந்த செயலி அணுகல்தன்மைச் சேவையைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். திரையில் இருப்பதைப் படிக்கவும் உங்கள் சார்பாகத் தட்டவும் அந்த அனுமதி போதும். விண்டோஸ் எச்சரிக்கை எதுவும் காட்டவில்லை என்பதை நல்ல சான்றாக எடுக்காதீர்கள். இணையத்திலிருந்து வந்த ஃபைல் என்று அது வைக்கும் அடையாளம், சில கருவிகளால் ஜிப்பைப் பிரிக்கும்போது உதிர்ந்துபோகும். அடையாளம் போனால் எச்சரிக்கையும் வராது.

ஏற்கெனவே ஓட்டிவிட்டு அழைப்பவர்களும் உண்டு. அவர்களிடம் நான் முதலில் சொல்வது: பயப்படாதீங்க, வைஃபையை அணைங்க, கேபிள் இருந்தா பிடுங்குங்க. அடுத்து எல்லோருக்கும் கை போவது அதே கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டை மாற்றத்தான். அதைச் செய்தால் புதிய பாஸ்வேர்டும் சேர்ந்து போகும். வேறொரு சுத்தமான போனையோ கம்ப்யூட்டரையோ எடுத்து, மெயில் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும், மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மீட்கும் வழி அதுதான் என்பதால். பாஸ்வேர்டை மாற்றுவதோடு, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்ற தெரிவையும் கட்டாயம் அழுத்த வேண்டும். திருடுபோனது குக்கீயாக இருந்தால் அதை வைத்து நேரடியாக உள்ளே நுழைவார்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு அவர்களிடம் எதையும் கேட்காது, ஏனென்றால் அதை நீங்கள் ஏற்கெனவே கடந்துவிட்டீர்கள். பிறகு வங்கி, பிறகு அலுவலகம். அலுவலகச் சாவிகள் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்திருந்தால் வெட்கப்படாமல் அன்றே சொல்லிவிட வேண்டும். சாவிகளை ரத்து செய்ய அவர்களுக்கு நேரம் வேண்டும், சொல்லத் தயங்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடியவருக்கு லாபம்.

அந்தக் கம்ப்யூட்டரை ஸ்கேன் செய்து, சுத்தம் என்று வந்ததும் தொடர்ந்து பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். நான் அனுமதிப்பதில்லை. ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு, நிரல்கள் எதையும் எடுக்காமல், வேறு கம்ப்யூட்டரில் தயாரித்த யூஎஸ்பியிலிருந்து இயங்குதளத்தைப் புதிதாகப் போடச் சொல்கிறேன். பேக்கப் டிரைவ் இருந்தால் அது முடியும் வரை செருகக் கூடாது.